ரசிகருக்குத் தடை, மனுஷருக்கு அனுமதி

முக்காலிவிளைக்காரர்களுக்கு மூளை கிடையாது என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. அது அபாண்டம். மூளை இருக்கிறது. எடுத்தால் தேய்ந்துவிடுமே என்று பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊருக்கும் புளிஞ்சிக்கோட்டுக்கும் நடுவே ஒரு கால்வாய் ஓடுகிறது. இந்தக் கரையில் ஒருவர் தும்மினால் அந்தக் கரையில் நிற்பவர் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவு கிட்டம். இருந்தாலும் முக்காலிவிளையில் யாரைக் கேட்டாலும் புளிஞ்சிக்கோடு வெளியூர் என்பார்கள். லண்டன்கூட அவ்வளவு வெளியூர் இல்லை. லண்டனில் யாரோ ஒருவருடைய மச்சான் இருக்கிறான்.

வருஷா வருஷம் முக்காலிவிளையில் செவன்ஸ் கால்பந்து நடக்கும். ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். போன வருஷம் புளிஞ்சிக்கோட்டோடு ஆடிக்கொண்டிருந்தபோது முக்காலிவிளை கோல்கீப்பர் தோளில் ஒரு தேங்காய் விழுந்தது. கோல் கம்பத்துக்குப் பின்னாலேயே ஒரு தென்னை நிற்கிறது. அதிலிருந்துதான் விழுந்தது. கண்ணால் பார்த்தவர்கள் இருந்தார்கள். ஆனாலும் ஊர் ஒத்துக்கொள்ளவில்லை.

"தென்னை நம்மதுதான். ஆனா அது சாஞ்சிருக்கது எந்தப் பக்கம் பாத்தேரா? புளிஞ்சிக்கோட்டுப் பக்கம்!" என்றார்கள்.

அன்றோடு இரண்டு ஊருக்கும் போக்குவரத்து நின்றுபோயிற்று. பாலம் சும்மா கிடந்தது. ஆடு மட்டும் போய்வந்தது.

இதில் அதிகமாக அடிபட்டது கோல்கீப்பரின் தோள் இல்லை, ராசையனின் நெஞ்சு. ராசையன் வாழைக்குலை வியாபாரி, ஆட்டக் கமிட்டிக்குத் தலைவர். அவருடைய ஒரே மகள் புஷ்பலீலாவைப் புளிஞ்சிக்கோட்டில்தான் கட்டிக்கொடுத்திருந்தது. மருமகன் அந்த ஊர் டீமில் முன்னால் நின்று ஆடுகிறவன். தேங்காய் விழுந்த சமயத்தில் பேத்தி மல்லாக்கக் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தாள். இப்போது எழுந்து நடக்கிறாள் என்று மீன்காரி வந்து சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து ராசையன் சாயங்காலமானால் கால்வாய்க் கரையில் போய் நின்று அக்கரையைப் பார்ப்பார். பாலத்தைத் தாண்டலாம்தான். ஆனால் கமிட்டித் தலைவரே தாண்டினால் கமிட்டிக்கு என்ன மரியாதை?

இந்த வருஷமும் கடைசி ஆட்டம் முக்காலிவிளைக்கும் புளிஞ்சிக்கோட்டுக்கும் என்று வந்து நின்றது. ஸ்டேஷனுக்குப் புதிதாக வந்திருந்த எஸ்.ஐ. ஜீப்பை மைதானத்துக்கே கொண்டுவந்து நிறுத்தினார்.

"போன வருஷம் ஏதோ தகராறாமே? இந்த வருஷம் வெளியூர் ரசிகர்களை உள்ள விடறதா, தடை போடறதா? கமிட்டிக்காரங்க நீங்களே உட்கார்ந்து பேசி, எல்லாருமா ஒரே முடிவாச் சொல்லுங்க. அதுப்படி பந்தோபஸ்து போடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜீப் புழுதி அடங்கியதும் கமிட்டி கூடியது. கமிட்டியில் நான்கு பேர். நாற்காலி மூன்று.

"உக்காந்து பேசணும்னு சொல்லியிருக்காரு" என்றார் சைக்கிள் கடை கோலப்பன். "அப்ப நிக்கவன் பேசப்பிடாது."

நின்றுகொண்டிருந்தது ஞானதாஸ். மைதானத்துக்குக் கோடு போடுகிறவர். ஏதோ சொல்ல வந்தவர், வாயை மூடிக்கொண்டார். சட்டம் சட்டம்தானே.

உட்கார்ந்த மூவரில் ராசையன் தலைவர். கோலப்பன் அண்டாக் கட்சி. மூன்றாமவர் ரப்பர் பால் வெட்டும் தங்கசுவாமி, விசிறிக் கட்சி. கோலப்பன் மழை பெய்கிறது என்றால், தங்கசுவாமி முற்றத்தில் இறங்கி நனைந்துகொண்டே இல்லை என்பார். அப்படி ஒரு கொள்கைப் பிடிப்பு.

"தடைதான்" என்று கோலப்பன் ஆரம்பித்தார். "புளிஞ்சிக்கோட்டானை உள்ள விடப்பிடாது. அவனுவ ஒரு மாதிரி."

"என்ன மாதிரி?"

"மீன்கறிக்கு மாங்கா போடமாட்டானுவ. புளிதான் போடுவானுவ. கறியிலயே இப்படிச் செய்யுதவன் பந்தாட்டத்துல என்னதான் செய்யமாட்டான்?"

ராசையன் வீட்டிலும் புளிதான். அவர் தரையைப் பார்த்தார்.

"நீரு போய்ப் பாத்தேரா?" என்று தங்கசுவாமி கேட்டார்.

"நான் எதுக்குப் பாக்கணும்? பாக்காமலே இவ்வளவு தெரியுதே! போய்ப் பாத்தா வேற மாதிரி தோணிரும். அதனாலயே நான் அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கதில்ல."

தங்கசுவாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "தடை போடப்பிடாது" என்றார்.

"காரணம்?"

"நீரு போடணும்னு சொன்னேரே, அது காணாதா?"

"அப்ப அவனுவ நல்லவனுவன்னு சொல்ல வாறேரு?"

"சீ! யாரு சொன்னா? ஒம்மைவிட ஒரு படி கூடுதலா நான் அவனுவளை ஏசுவேன். ஆனா மோசமானவனுவளுக்கும் உரிமைன்னு ஒண்ணு இருக்கு. எங்க கட்சித் தலைவரே சொல்லியிருக்காரு."

"எப்ப?"

"இனிமே சொல்லுவாரு."

ராசையன் தொண்டையைச் செருமினார். "தடை போட்டா எனக்க மவளும் வரமுடியாதா?"

"மவ நம்ம ஊர்ல பொறந்தவ. வரலாம்" என்றார் கோலப்பன்.

"மருமவன்?"

"ஆட்டக்காரன் வந்துதானே ஆவணும்?"

"சம்பந்தியம்மா?"

மூன்று நாற்காலியும் ஒரே சமயத்தில் கிறீச்சிட்டன. சம்பந்தியம்மா ஏசுவடியாள் புளிஞ்சிக்கோட்டு டீமுக்கு ஏழு ஆட்டக்காரர்களையும்விட முக்கியம். இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார் என்றால், ஜங்ஷனில் போகும் பஸ் நின்றுவிடும். கண்டக்டர்தான் அடித்தார் என்று டிரைவர் நினைப்பார், டிரைவர் ஏன் நிறுத்தினார் என்று கண்டக்டர் நினைப்பார்.

"அவியளை நினைச்சுத்தானே தடையே கேக்கேன்" என்றார் கோலப்பன்.

இந்தச் சமயத்தில் பக்கத்து டீக்கடை டிவியில் செய்தி வந்தது. அண்டாக் கட்சித் தலைவர் ஏதோ ஊரில் கூட்டணியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். "எங்கள் கதவு எல்லோருக்கும் திறந்தே இருக்கும்!" என்றார். உடனே விசிறிக் கட்சித் தலைவரைக் காட்டினார்கள். "எங்கள் கதவு அடைத்தே இருக்கும்!" என்று அவர் மேஜையைக் குத்தினார்.

கோலப்பன் அப்போது பாதி வாக்கியத்தில் இருந்தார். "புளிஞ்சிக்கோட்டான் ஒருத்தனைக்கூட உள்ள விடாம..." என்றவர், டிவியைப் பார்த்தார். "...இருக்கப்பிடாது" என்று முடித்தார்.

"கதவை அடைக்கணும் வே!" என்று தங்கசுவாமி துள்ளினார். "எங்க தலைவரு சொல்லியாச்சு. தடைதான்!"

இருவருக்கும் ஒரே சமயத்தில் ஒரு சங்கடம் வந்தது. இதுவரை யோசித்து வைத்திருந்த வாதமெல்லாம் இப்போது எதிராளிக்குத்தான் உதவும்.

கோலப்பன் தணிந்த குரலில், "ஓய் தங்கசுவாமி, அந்த உரிமைன்னு ஒண்ணு சொன்னேரே, நல்லா இருந்துது. அதை நான் எடுத்துக்கிடட்டா?" என்றார்.

"எடுத்துக்கிடும். ஒம்ம மீன்கறியை எனக்குத் தாரும்."

"தந்தேன். ஆனா பேசும்போது குழம்பிரும். நான் பேசினது இந்த நாற்காலி, நீரு பேசினது அந்த நாற்காலி. நாற்காலியை மாத்திக்கிட்டா பேச்சு தானா மாறிரும்."

நியாயமாகப் பட்டது. இருவரும் எழுந்தார்கள். காலை முதல் நின்றுகொண்டிருந்த ஞானதாஸ் அந்த இடைவெளியில் ஒரு நாற்காலியைப் பிடித்துத் தொப்பென்று உட்கார்ந்தார்.

"இப்ப நான் பேசலாம்லா?" என்றார். "எஸ்.ஐ. என்ன கேட்டாரு? வெளியூர் ரசிகனை விடணுமா வேண்டாமான்னு கேட்டாரு. ரசிகனைத்தான் கேட்டாரு. மனுஷனைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல்ல."

எல்லோரும் நினைவுபடுத்திப் பார்த்தார்கள். ஆமாம், கேட்கவில்லை.

"அதனால ரசிகனுக்குத் தடை. மனுஷனுக்கு அனுமதி. வாசல்ல வச்சு, நீ ரசிகனா மனுஷனான்னு கேட்டா முடிஞ்சு போச்சு."

திறந்த கதவும் கிடைத்ததென்று கோலப்பன் கைதட்டினார். அடைத்த கதவும் கிடைத்ததென்று தங்கசுவாமி கைதட்டினார். ராசையன் மட்டும், "எனக்க சம்பந்தியம்மா இதுல எதுல வருவாவ?" என்று கவலையோடு கேட்டார்.

"அது அவிய வாயாலதான் வரணும்" என்றார் ஞானதாஸ்.

எஸ்.ஐ.க்குப் போன் போட்டார்கள். அவர் வேறு ஏதோ அவசரத்தில் இருந்தார். "ரசிகருக்குத் தடையா? சரி. கண்டிப்பா இருங்க. ஒரு ஈ காக்கா உள்ள நுழையக் கூடாது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கமிட்டி மறுபடியும் உட்கார்ந்தது. ஈயா, காக்காவா, யார் எதைப் பார்த்துக்கொள்வது? காக்காதான் பெரிய பொறுப்பு, அது அண்டாக் கட்சிக்குத்தான் என்றார் கோலப்பன். ஈதான் எண்ணிக்கையில் கூடுதல், நமக்கு எண்ணிக்கைதான் முக்கியம் என்று தங்கசுவாமி ஈயை வாங்கிக்கொண்டார்.

ஆட்டத்தன்று கோலப்பன் நீளமான கம்போடு மைதானத்தைச் சுற்றி ஓடினார். தங்கசுவாமி ஈரத்துண்டை வீசிக்கொண்டு பின்னால் ஓடினார். கால்வாய்ப் பக்கமிருந்து ஒரு காக்கா வந்து கோல் கம்பத்தில் உட்கார்ந்தது.

"புளிஞ்சிக்கோட்டுக் காக்கா!" என்று கோலப்பன் கம்பை ஓங்கினார்.

"பொறும்" என்றார் ஞானதாஸ். "வெளியூருதான். ஆனா ரசிகனான்னு தெரியணும்லா?"

காக்கா கழுத்தைச் சாய்த்து இருவரையும் பார்த்தது. பிறகு கா கா என்று கத்தியது.

"கத்திட்டு! கத்தினா ரசிகன்தான். துரத்தும்!" என்றார் ஞானதாஸ்.

இப்படித்தான் ஒரு பெரிய சட்டச் சிக்கல் தீர்ந்தது. கத்தினால் ரசிகன், கத்தாவிட்டால் மனுஷன். அதோடு நிற்காமல் நடுவரிடமிருந்து விசிலையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஊதினால் அதுவும் கத்துவதுதானே? நடுவர் மூன்றாவது ஊர்க்காரர், சாதுவான மனிதர். கையைக் காட்டியே சமாளித்துக்கொள்கிறேன் என்றார்.

மைதானத்தைச் சுற்றி ஓலைத்தட்டி கட்டியிருந்தது. ஒரே ஒரு வாசல். அங்கே ராசையன் நின்றார். புளிஞ்சிக்கோட்டுச் சனங்கள் பாலத்தைத் தாண்டிக் கூட்டமாக வந்தார்கள்.

"ரசிகரா, மனுஷரா?" என்று ராசையன் கேட்டார்.

முதலில் வந்தவருக்குக் கோபம் வந்தது. "பாத்தா எப்படித் தெரியுது? மனுஷன்தான் வே!"

"அப்ப உள்ள போவும்."

கோபப்பட்டவர்கள் எல்லோரும் உள்ளே போனார்கள்.

கூட்டம் ஓய்ந்தபோது புஷ்பலீலா வந்தாள். பக்கத்தில் ஏசுவடியாள், இடுப்பில் பேத்தி. பிள்ளை பச்சைச் சட்டை போட்டிருந்தாள், புளிஞ்சிக்கோட்டு டீம் நிறம். ராசையனுக்குக் கண் அந்தப் பிள்ளையைவிட்டு நகரவில்லை.

"சொகமா சம்பந்தி?" என்றார் ஏசுவடியாள்.

"சொகம். நீங்க..." ராசையன் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "நீங்க ரசிகரா, மனுஷரா?"

"என்னது?"

"நான் கேக்கல்ல சம்பந்தி. கமிட்டி கேக்குது."

"அப்பா! அத்தைகிட்ட இப்படியா கேப்பிய?" என்று புஷ்பலீலா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு மாமியார் காதில், "அத்தே, மனுஷின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உள்ள போயிருவோம்" என்றாள்.

"எதுக்குட்டி பொய் சொல்லணும்?" ஏசுவடியாள் நிமிர்ந்து நின்றார். "கல்யாணத்தன்னைக்கே நான் பந்தாட்டம் பாத்து முடிச்சிட்டுத்தான் வந்து கழுத்தை நீட்டினேன். ஒனக்க மாமனாரு மாலையும் கழுத்துமாக் காத்துக்கிட்டு நின்னாரு. இந்த வயசுல வந்து நான் ரசிகை இல்லன்னு சொன்னா, அவரு ஆவி என்னை மன்னிக்குமா? நான் ரசிகைதான் சம்பந்தி. நல்லாக் கேட்டுக்கிடும்."

ராசையனின் கண் கலங்கியது. "அப்ப வெளிய நிக்கணுமே சம்பந்தி."

"நிக்கேன்."

"பேத்தி?"

"அவளுக்கு இன்னும் பேச்சு வரல்ல. நீரே கேட்டுப் பாரும்."

ராசையன் குனிந்தார். "மக்களே, நீ ரசிகரா, மனுஷரா?"

பிள்ளை அவருடைய மீசையை ஒரு கையால் பிடித்து இழுத்தாள். வலித்தது. இத்தனை நாளும் இந்த வலிக்குத்தான் கால்வாய்க் கரையில் நின்றோம் என்று ராசையனுக்குத் தோன்றியது. மீசையை விடுவிக்காமலே, "ரெண்டும் இல்ல. உள்ள போலாம்" என்று தீர்ப்புச் சொன்னார்.

ஆட்டம் ஆரம்பித்தது. பந்து நம்ம ஆளின் காலுக்கு வந்ததும் முக்காலிவிளைக்காரர் ஒருவர், "அடி மக்கா, அடி!" என்று எழுந்தார்.

"கத்தினேரு. நீரு ரசிகன். வெளிய போவும்" என்று ஞானதாஸ் அவர் கையைப் பிடித்தார்.

"வெளியூர் ரசிகனுக்குத்தானே வே தடை? நான் உள்ளூரு!"

ஞானதாஸ் யோசித்தார். "ஒம்மை வெளிய விட்டா வெளிய இருப்பேரா, உள்ள இருப்பேரா?"

"வெளியதான் இருப்பேன்."

"அப்ப நீரு வெளியூருதானே?"

அவருக்கும் அது சரியாகத்தான் பட்டது. போய்விட்டார். இது என்ன அநியாயம் என்று இன்னொருவர் கத்தினார். கத்தியதால் அவரும் போனார். அவருக்காகப் பத்துப் பேர் கத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் முக்காலிவிளை முழுவதும் ஓலைத்தட்டிக்கு வெளியே நின்றது. உள்ளே புளிஞ்சிக்கோட்டுக்காரர்கள் மட்டும், எங்கே மனுஷத்தனம் போய்விடுமோ என்று பயந்து, கைகட்டி, எழவு வீட்டில் இருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆட்டக்காரர்களுக்குத்தான் வேதனை. ராசையனின் மருமகன் இரண்டு பேரை ஏமாற்றிப் பந்தை அழகாகக் கொண்டுபோனான். ஒரு சத்தமும் இல்லை. ஏதாவது தப்பு செய்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்து, பந்தை எதிராளியிடமே கொடுத்துவிட்டான். நம்ம கோல்கீப்பர் அந்த நிசப்தத்தில் கம்பத்தில் சாய்ந்து கண்ணை மூடினார். குறட்டையும் விட்டார். அது கத்துவதில் சேருமா என்று ஞானதாஸ் கொஞ்சநேரம் நின்று கேட்டுவிட்டு, சேராது என்று நகர்ந்தார்.

வெளியே கதை வேறு மாதிரி இருந்தது. ஏசுவடியாள் அங்கே நின்ற லோடு ஆட்டோவின் மேல் ஏறிவிட்டார். தட்டிக்கு மேலாக அவர் ஒருவருக்குத்தான் ஆட்டம் தெரிந்தது. போன வருஷம்வரை அந்த அம்மாளைக் கண்டால் குலை நடுங்கிய முக்காலிவிளைக்காரர்கள் ஆட்டோவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"எக்கா, என்ன நடக்கு? சொல்லுங்கக்கா!"

"ஒங்க பையன் நல்லாத்தான் ஓடுதான். பந்துதான் கூட வரமாட்டேங்குது. இந்தா, எனக்க மவன் எடுத்தான்... அடேய், எங்கலே போறே? விட்டுட்டான், விளங்காத பயல்!"

ஆகா ஓகோ என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. யாரோ ஓடிப்போய் ஏசுவடியாளுக்குச் சோடா வாங்கி வந்தார்கள். அவர் எந்த ஊர்க்காரர் என்பதை அந்தச் சமயத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்டால் ஆட்டத்தைச் சொல்வதை நிறுத்திவிடுவாரே!

ஆட்டம் முடியப்போகிற நேரம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. முக்காலிவிளையின் கோலுக்குப் பக்கத்தில் ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கிடந்தார்கள். பந்து மட்டும் தனியாக மெதுவாக உருண்டு வந்தது. கீழே கிடந்த புருஷனுக்கு அடிபட்டதோ என்று பார்ப்பதற்காகப் புஷ்பலீலா எழுந்தாள். பிடி விட்டதும் பிள்ளை நடந்தாள். நேராகக் கோட்டைத் தாண்டி, மைதானத்துக்குள் நடந்தாள்.

நடுவர் விசிலைத் தேடினார். விசில் கமிட்டியிடம் இருந்தது. இரண்டு கையையும் ஆட்டினார். பிள்ளையும் சந்தோஷமாகக் கையை ஆட்டினாள். பந்து வந்து அவள் காலில் பட்டு, திரும்பி, தூங்கிக்கொண்டிருந்த கோல்கீப்பரைத் தொந்தரவு செய்யாமல் அவருக்குப் பக்கத்தில் உருண்டு, வலைக்குள் போய் நின்றது.

ஆட்டோவின் மேலிருந்து வந்த விசிலில் ஜங்ஷனில் பஸ் நின்றது.

வாசலில் நின்ற ராசையன் திரும்பிப் பார்த்தார். கோல் அவர் கண்ணில் படவில்லை. பச்சைச் சட்டை தெரிந்தது, அதற்குக் கீழே தத்தித் தத்தி நடக்கும் இரண்டு கால் தெரிந்தது. "நடக்கா! எனக்க பேத்தி நடக்கா!" என்று இரண்டு ஊருக்கும் கேட்கும்படி கத்திக்கொண்டு உள்ளே ஓடினார்.

ஞானதாஸ் குறுக்கே நின்றார். அவருக்கும் மனசு கேட்கவில்லைதான். "தலைவரே, கத்திட்டேரு" என்றார்.

"கத்திட்டேன்" என்று ராசையன் ஒத்துக்கொண்டார். பேத்தியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, தானாகவே வெளியே நடந்தார். ஏசுவடியாள் ஆட்டோவிலிருந்து கையை நீட்டி, "ஏறும் சம்பந்தி" என்றார்.

தலைவர் வெளியே இருந்ததால் கமிட்டி வெளியே கூடியது. நடுவரும் வந்தார்.

"குழந்தை ஆட்டக்காரி இல்லீங்க. கோல் செல்லாது" என்று பணிவாகச் சொன்னார்.

"செல்லாதுன்னு பச்சைப்பிள்ளை முகத்தைப் பாத்துச் சொல்லுதேரே, மனசு ஒடிஞ்சிராதா?" என்று கமிட்டி அவரைக் கண்டித்தது. கோல் உண்டு. யாருடைய கோல் என்பதுதான் கேள்வி.

"தாய் முக்காலிவிளை. அதனால நம்ம கோல்" என்றார் கோலப்பன்.

"தகப்பன் புளிஞ்சிக்கோடு. அவங்க கோல்தான்!" என்றார் தங்கசுவாமி.

"ஓய், நீரு எந்த ஊருக்காரன்?"

"ஊரு வேற, கட்சி வேற!"

இந்த நேரத்தில் பிள்ளை தாத்தா தோளிலிருந்து கையை வீசினாள். "விசிறி! பிள்ளை எங்க ஆளு!" என்றார் தங்கசுவாமி. பிள்ளை கீழே இறங்கி, ஆட்டக்காரர்களுக்குத் தண்ணீர் வைத்திருந்த பாத்திரத்துக்குள் தலையை விட்டாள். "அண்டா! பாத்தேரா, வந்துட்டா எங்க பக்கம்!" என்றார் கோலப்பன். பிள்ளை தலையை வெளியே எடுத்து, இருவர்மேலும் தண்ணீரைத் துப்பினாள்.

"சுயேச்சை" என்றார் ஞானதாஸ். "நம்ம எதுக்குச் சண்டை போடணும்? கோல் அடிச்சவகிட்டயே கேட்டா என்ன, எந்த டீமுக்கு அடிச்சேன்னு?"

"அவளுக்குத்தான் பேச்சு வரல்லியே."

"வரட்டும். வந்ததும் முதல்ல வாயில எது வருதோ, அந்த டீமு ஜெயிச்சுது."

முக்காலிவிளைக் கமிட்டியின் வரலாற்றில் எல்லோரும் ஒத்துக்கொண்ட முதல் தீர்மானம் அதுதான். நடுவர் தன் விசிலைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ஜங்ஷனில் இன்னும் நின்றுகொண்டிருந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

பேச்சு வரும்வரை பிள்ளை கமிட்டித் தலைவர் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று முடிவானது. பிள்ளை இருந்தால் தாய் இருக்க வேண்டும். முக்காலிவிளைக்காரன் கள்ளத்தனமாகச் சொல்லிக் கொடுக்காமல் பார்த்துக்கொள்ள ஏசுவடியாளும் இருக்க வேண்டும். ராசையன் வீடு நிரம்பிவிட்டது.

விடிந்தால் புளிஞ்சிக்கோட்டுக்காரர்கள் பாலத்தைத் தாண்டி வருவார்கள். பிள்ளைக்கு எதிரே குந்தியிருந்து, "புளிஞ்சிக்கோடு சொல்லு மக்களே, புளி... ஞ்சி... க்கோடு" என்பார்கள். இந்தப் பக்கம் உள்ளூர்க்காரர்கள், "முக்காலிவிளை சொல்லு, முக்... காலி..." என்பார்கள். பிள்ளை இரண்டு பக்கமும் பார்த்துக் கொட்டாவி விடுவாள். சொல்லிச் சொல்லி இரண்டு ஊருக்கும் தொண்டை கட்டியது. ஏசுவடியாள் சுக்குத்தண்ணி போட்டு எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்தார்.

மத்தியானம் சாப்பாடும் அங்கேதான். கோலப்பன் மீன்கறியை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். விரலை நக்கிவிட்டு, "புளிதான் போட்டிருக்கு. நான் அன்னைக்கே சொன்னேனா இல்லியா?" என்று நான்காவது தடவையும் கையை நீட்டினார்.

ஒரு நாள் காலையில் ராசையன் வாழைக்குலை ஏற்றுவதற்குக் கிளம்பினார். பிள்ளை வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்று, அவர் போவதைப் பார்த்து, தெளிவாக, "தாத்தா!" என்றாள்.

ராசையன் தலையிலிருந்த குலையைக் கீழே போட்டார். அழுதார். புஷ்பலீலாவும் அழுதாள். முற்றத்தில் இருந்த இரண்டு ஊர்க்காரர்களும் மட்டும் அசையாமல் ஞானதாஸையே பார்த்தார்கள்.

ஞானதாஸ் ஒரு நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி உட்கார்ந்தார். "முதல்ல வாயில வந்தது தாத்தா. அதனால ஜெயிச்ச டீமு தாத்தா" என்றார்.

கோப்பையைத் தூக்கி ராசையன் கையில் கொடுத்தார்கள். புளிஞ்சிக்கோடு தோற்றதே என்று முக்காலிவிளைக்குச் சந்தோஷம். முக்காலிவிளை தோற்றதே என்று புளிஞ்சிக்கோட்டுக்குச் சந்தோஷம். எங்கள் தலைவரின் வழிகாட்டுதலால்தான் தாத்தா டீம் வென்றது என்று கோலப்பனும் தங்கசுவாமியும் தனித்தனியாகச் சுவரொட்டி ஒட்டினார்கள்.

ஜெயித்த டீம் மாவட்ட ஆட்டத்துக்குப் போக வேண்டும். டவுன் மைதானத்தில் போட்டி. ராசையன் மருமகனுடைய கால்சட்டையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் போனார். இரண்டு ஊர் ரசிகர்களும் ஒரே லாரியில் பின்னால் போனார்கள். லாரியின் முன்னால் ஏசுவடியாள், மடியில் பேத்தி.

எதிர் டீம் ஏழு பேர், ஒவ்வொருத்தனும் பனைமரம் மாதிரி. நடுவர் இந்தப் பக்கம் பார்த்தார்.

"பெரியவரே, மத்த ஆறு பேர் எங்க?"

"டீமுக்குப் பேரு தாத்தா. தாத்தா நான் ஒருத்தன்தான்" என்றார் ராசையன்.

நடுவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சரி, முதலில் காசைச் சுண்டுவோம் என்று சுண்டினார். பூ விழுந்தது. ராசையன் கேட்டதும் பூதான். லாரியில் வந்தவர்கள் எல்லோரும் துள்ளினார்கள்.

"டாஸ் உங்களுக்குத்தான். சொல்லுங்க, பந்து வேணுமா, பக்கம் வேணுமா?" என்றார் நடுவர்.

ராசையன் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். ஒரு பக்கம் வெயில், இன்னொரு பக்கம் சகதி. இதை வாங்கி வீட்டில் எங்கே வைப்பது? பந்து புதுசு, வெள்ளை வெளேரென்று இருந்தது.

"பந்து" என்றார். குனிந்து எடுத்தார், மண்ணைத் துடைத்துக் கக்கத்தில் இடுக்கினார், நடுவருக்கு ஒரு கும்பிடு போட்டார். கூட்டத்தில் போய்ப் பேத்தியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, புறப்படத் தயாராக இருந்த ஊர் பஸ்ஸில் ஏறிவிட்டார். ஜெயிச்சாச்சு, ஜெயிச்சாச்சு என்று கத்திக்கொண்டே இரண்டு ஊர்க்காரர்களும் லாரியில் அவர் பின்னாலேயே போனார்கள்.